அலோகேட்டரில் புதிய வசதி சேர்க்கப் போகிறீர்களா? எக்ஸ்வி6 கெர்னலை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

இயங்குதளத்தில் வேறு எந்தப் பகுதியில் ஒரு வசதியைக் கூட்டினாலும் பெரும்பாலும் அதைப் பயன்படுத்துகிறவர்தான் அதற்கான செலவைச் சுமப்பார். நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் அலோகேட்டரில் அப்படி இல்லை. கோப்பைத் திறக்க நினைவகம் வேண்டும், புதிய புராசஸை (ஓடும் நிரலை) தொடங்க வேண்டும், நெட்வொர்க்கில் வந்த தரவை வாங்கி வைக்கவும் வேண்டும். எல்லோரும் அதே இரண்டு செயற்கூறுகளைத்தான் அழைக்கிறார்கள். அங்கே நீங்கள் சேர்க்கும் ஐந்து வரி, அதைக் கேட்காதவர்கள் தலையிலும் விழுகிறது. செலவு யார் தலையில் என்ற இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வழிகாட்டி நெடுகப் போகப்போகிறேன்.

பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் கூடிக் கெர்னல் நிரல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியின் நிரல், வாசிக்கிறோம். பொறியியல் மாணவர்கள், கங்கைகொண்டான் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள், அம்பாசமுத்திரத்திலிருந்து காலை பஸ்ஸில் வரும் ஒரு தம்பி என்று கலவையான கூட்டம். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் பாதிப் பேர் வரமாட்டார்கள். அதற்கும் சேர்த்துத்தான் பாடத்தைத் திட்டமிடுகிறோம். நாங்கள் எடுத்துக்கொண்டது எக்ஸ்வி6. யூனிக்ஸின் ஆறாம் பதிப்பை ஒட்டி, எம்ஐடி தன் இயங்குதளப் பாடத்துக்காக எழுதிய சிறிய கெர்னல் அது. ரிஸ்க்-ஃபைவ் வகைச் சிபியுவுக்கான பதிப்பை, ஒரு கணினியை மென்பொருளாலேயே நடித்துக் காட்டும் கியூஎமுவில் போட்டால் பழைய மடிக்கணினியிலும் ஓடும். அதன் அலோகேட்டர் நூறு வரிக்குள் முடிந்துவிடுகிறது. கைவைத்துப் பழக இதைவிட நல்ல இடம் கிடைக்காது. பெரிய கெர்னல்களில் இதே வசதிகள் என்ன பாடு பட்டன என்பதையும் இடையிடையே பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதல் படி: இப்போது தரும் வாக்குறுதிகளை எழுதுங்கள்

எக்ஸ்வி6 நினைவகத்தை 4096 பைட் பக்கங்களாக மட்டுமே கொடுக்கும். அதற்கு இருப்பது 128 எம்பி. அதாவது 32,768 பக்கங்கள், கெர்னலே அமர்ந்திருக்கும் இடம் போக மிச்சம். காலிப் பக்கங்கள் ஒன்றோடொன்று கோத்த சங்கிலியாகக் கிடக்கின்றன. இந்தச் சங்கிலிக்கென்று தனி இடம் எதுவும் இல்லை. காலியாக இருக்கும் பக்கத்தின் முதல் 8 பைட்டிலேயே அடுத்த காலிப் பக்கத்தின் முகவரி எழுதப்பட்டிருக்கிறது. யாரும் பயன்படுத்தாத பக்கம்தானே, கணக்கை அதிலேயே எழுதிக்கொள்வதால் கூடுதல் நினைவகச் செலவு பூஜ்யம். கேஅலாக் என்ற செயற்கூறு சங்கிலியின் தலையிலிருந்து ஒரு பக்கத்தைக் கழற்றிக் கொடுக்கிறது. கேஃப்ரீ அதைத் திரும்பத் தலையில் மாட்டுகிறது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பூட்டு: ஒரு சிபியு சங்கிலியைத் தொடும்போது மற்றவை காத்திருக்கும்.

இந்தச் சின்ன நிரல் எத்தனை வாக்குறுதிகளைச் சத்தமில்லாமல் கொடுத்து வைத்திருக்கிறது என்று பாருங்கள். கிடைக்கும் முகவரி எப்போதும் பக்க எல்லையில் தொடங்கும். இடம் இல்லையென்றால் காத்திருக்காது. எந்த இடத்தையும் காட்டாத பூஜ்யப் பாயிண்டரைக் கொடுத்துவிடும். காலிப் பக்கம் பத்து இருந்தாலும் முப்பதாயிரம் இருந்தாலும் எடுக்கும் வேலை ஒன்றுதான். பக்கத்தின் உள்ளே இருப்பது குப்பை: கொடுக்கும்போது ஒவ்வொரு பைட்டிலும் 5 என்றும், திரும்ப வாங்கும்போது 1 என்றும் நிரப்புகிறது. விட்டுவிட்ட பக்கத்தைத் தெரியாமல் தொடர்ந்து வாசிக்கிற நிரல் சீக்கிரம் விழுந்து காட்டிக்கொடுக்கட்டும் என்பதற்காக.

எழுதப்படாத இன்னொன்றும் உண்டு: கடைசியாகத் திரும்பி வந்த பக்கம்தான் முதலில் வெளியே போகும். அது இன்னும் சிபியுவின் கேஷில் (சிபியுவை ஒட்டிய சிறிய வேக நினைவகத்தில்) சூடாக இருக்கும் என்பதால் வேகத்துக்கு நல்லது. ஆனால் அடுத்து எந்தப் பக்கம் கிடைக்கும் என்று ஊகித்துவிடலாம் என்பதால், விடுவித்த நினைவகத்தைத் தொடும் பிழையைச் சுரண்டி உள்ளே நுழைய நினைப்பவருக்கு அதுவே தோதாகிறது. லினக்ஸ் 4.7 பதிப்பில் காலிப் பட்டியலின் வரிசையைக் குலைத்துப்போடும் தெரிவைக் கொண்டுவந்தார்கள். எழுதப்படாத வாக்குறுதியை மாற்றும்போதுதான் எதிர்பாராத இடத்தில் உடையும். ஆகவே அதையும் தாளில் எழுதி வையுங்கள்.

இரண்டாம் படி: அளவீடு

கியூஎமுவில் ஓடும் கெர்னலைக் கடிகாரம் வைத்து அளப்பதில் பயனில்லை. அது சிபியுவின் கேஷ் எப்படி நடந்துகொள்ளும் என்பதை நடித்துக் காட்டுவதில்லை. எனவே நேரத்தை விட்டுவிட்டு நிகழ்வுகளை எண்ணுங்கள்: பூட்டுக்காக எத்தனை முறை சுற்றிக் காத்திருந்தது, எத்தனை பைட் எழுதப்பட்டது, காலிப் பக்கங்கள் அதிகபட்சம் எவ்வளவு குறைந்தன. எம்ஐடி பாடத்தின் பூட்டுப் பயிற்சியும் இப்படித்தான், பூட்டைப் பிடிக்கும் முயற்சிகள் எத்தனை வீணாயின என்பதை எண்ணிக் காட்டுகிறது.

சராசரி மட்டும் போதாது. பணகுடிப் பக்கம் காற்றாலைகளில் தரவு பதியும் சிறு பலகைகளைச் செய்து கொடுக்கிற நண்பர் ஒருவர் எங்கள் கூட்டத்துக்கு வருவார். அவர் பலகையில் ஓடுவது சிறு கருவிகளுக்கான ஃப்ரீஆர்டிஓஎஸ் இயங்குதளம். மாதக்கணக்கில் நிறுத்தாமல் ஓட வேண்டிய கருவி அது. மொத்தக் காலி இடம் போதுமான அளவு இருக்கும், ஆனால் கேட்ட அளவுக்கு ஒரே துண்டாகக் கிடைக்காது; இதைத்தான் துண்டாடல் என்கிறார்கள். அந்த இயங்குதளம் இதற்குத் தரும் விடை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரே அலோகேட்டரில் எல்லா வசதியையும் திணிக்காமல், ஹீப்1 முதல் ஹீப்5 வரை ஐந்து கோப்புகளைக் கொடுத்து, ஒன்றைத் தேர்ந்துகொள் என்கிறது. ஹீப்1-இல் விடுவிக்கும் வசதியே கிடையாது. தொடக்கத்தில் வாங்கியதோடு சரி. அதனாலேயே துண்டாடல் என்ற பேச்சுக்கு இடமில்லை. ஹீப்2 விடுவிக்கும், ஆனால் அடுத்தடுத்த காலித் துண்டுகளை ஒட்டாது. ஹீப்4 ஒட்டும். இதுவரை காலி இடம் எவ்வளவு கீழே போயிருக்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஹீப்4-இல் வழி இருக்கிறது. சராசரியைவிட அந்த ஓர் எண்ணுக்குத்தான் நண்பர் மதிப்புக் கொடுக்கிறார். நானும்தான்.

மூன்றாம் படி: வசதி எங்கே உட்கார வேண்டும்

மூன்று இடங்கள் உண்டு. அழைப்பவரிடமே விடலாம், அலோகேட்டருக்கு மேல் மெல்லிய அடுக்காக வைக்கலாம், உள்ளேயே நுழைக்கலாம். உள்ளே நுழைப்பது என்று முடிவானால் அடுத்த கேள்வி: எல்லா அழைப்பும் கடந்துபோகும் வேகப் பாதையிலா, எப்போதாவது மட்டும் போகும் மெதுவான பாதையிலா? மெதுவான பாதையில் வைக்க முடிகிற எதையும் அங்கேயே வையுங்கள்.

"மேலேயே வைத்துவிட்டால் வம்பில்லையே அண்ணாச்சி, எதற்கு உள்ளே போக வேண்டும்?" என்று அம்பாசமுத்திரத்துத் தம்பி கேட்டார். வம்பு உண்டு. 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் ஓட்டை நினைவிருக்கும். இணையத் தொடர்பை மறையாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் எல்லை பார்க்காத ஒரு வாசிப்பு. ஒரு முறைக்கு 64 கேபி வரை சர்வரின் நினைவகம் வெளியே கசிந்தது. அந்த நிரல் சில இயங்குதளங்களில் மாலாக் (நிரல்கள் நினைவகம் கேட்கும் செயற்கூறு) மெதுவாக இருக்கிறது என்று சொல்லித் தனக்கென்று ஒரு காலிப் பட்டியலை மேலே வைத்திருந்தது. ஓபன்பிஎஸ்டி இயங்குதளம் தன் மாலாக்கில் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த தற்காப்புகள் அந்தப் பட்டியலைத் தாண்டிப் பயன்பட வழியில்லாமல் போயிற்று என்று அதன் உருவாக்குநர்கள் கொதித்தார்கள். அலோகேட்டரை மெதுவாக்கினால் ஆட்கள் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அப்போது உள்ளே நீங்கள் சேர்த்த நல்லது யாருக்கும் போய்ச் சேராது. வேகத்தையும் பாதுகாப்பையும் எதிரெதிர்த் தட்டில் வைத்துப் பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

நான்காம் படி: எளிய வசதியில் தொடங்குங்கள், காலிப் பக்க எண்ணிக்கை

எத்தனை பக்கம் காலியாக இருக்கிறது என்று ஒரு நிரல் கேட்டால் சொல்ல வேண்டும். இரண்டு வழி. ஒன்று, ஒரு எண்ணியை வைத்து ஒவ்வொரு கேஅலாக்கிலும் குறைத்து, கேஃப்ரீயில் கூட்டுவது. இன்னொன்று, கேட்கும்போது பூட்டைப் பிடித்துச் சங்கிலி முழுவதையும் நடந்து எண்ணுவது. இரண்டாவதில் வேகப் பாதைக்கு ஒரு செலவும் இல்லை, கேட்கிறவர்தான் சுமக்கிறார். ஆனால் அவர் முப்பதாயிரம் பக்கங்களை நடந்து முடிக்கும்வரை பூட்டு அவர் கையில். மற்ற எல்லா சிபியுவும் காத்துக் கிடக்கும். சாதாரணப் பயனர் ஒருவர் இந்த அழைப்பைத் திரும்பத் திரும்பப் போட்டே கணினியை முடக்கிவிடலாம். ஆகவே இங்கே எண்ணி வைப்பதே சரி. பூட்டு ஏற்கெனவே கையில் இருக்கும் இடத்திலேயே அதைக் கூட்டிக் கழிப்பதால் செலவு மிகச் சிறிது. பூட்டைப் பிரிக்கும் நாள் வந்தால் எண்ணியையும் பிரிக்க வேண்டியிருக்கும். அதைக் கீழே பார்ப்போம்.

ஐந்தாம் படி: பூஜ்யமாக்கிக் கொடுப்பது

பக்கத்தைச் சுத்தமாகத் துடைத்துக் கொடுத்தால் பழைய ரகசியம் எதுவும் கசியாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எக்ஸ்வி6-இல் ஒரு புராசஸுக்குப் பக்கம் போகும் வழியை நெருங்கிப் பாருங்கள். விடுவிக்கப்பட்டபோது 1 நிரப்பினார்கள். கொடுக்கும்போது 5 நிரப்பினார்கள். வாங்கிய செயற்கூறு அதைப் பயனருக்குக் கொடுக்குமுன் 0 நிரப்பியது. ஒரு பக்கத்துக்கு 12,288 பைட் எழுத்து, பயனர் ஒரு எழுத்துகூட எழுதுவதற்கு முன்பே. இதில் நீங்கள் கேஅலாக்குக்குள் இன்னொரு துடைப்பைச் சேர்த்தால் நான்காவது சுற்று. இன்னொரு பக்கம், புராசஸைப் பிரதியெடுக்கும்போது கேட்கிற பக்கத்தில் அடுத்த கணமே 4096 பைட்டும் மேலெழுதப்படும். அங்கே துடைப்பது முழு வீண்.

ஆகவே துடைத்துக் கொடுப்பதைத் தனிச் செயற்கூறாக வைத்து, வேண்டியவர் அழைக்கட்டும் என்பதே எங்கள் கூட்டத்தின் முடிவு. மூல நிரலில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: 5 நிரப்பும் வேலை பூட்டை விட்ட பிறகுதான் நடக்கிறது, 1 நிரப்புவது பூட்டைப் பிடிக்குமுன். பக்கம் அந்த நேரத்தில் ஒருவர் கையில் மட்டுமே இருப்பதால் பூட்டு தேவையில்லை. நீங்கள் சேர்க்கும் துடைப்பையும் இதே ஒழுங்கில் வையுங்கள். பூட்டுக்குள்ளே 4096 பைட் எழுதுகிறவரை எக்ஸ்வி6 ஆதரிக்கும் எட்டு சிபியுவும் சேர்ந்து சபிக்கும்.

லினக்ஸ் 5.3 பதிப்பில் கட்டாயத் துடைப்புக்கு இரண்டு தெரிவுகள் வந்தன: கொடுக்கும்போது துடைப்பது, விடுவிக்கும்போது துடைப்பது. முதலாவதுக்குப் பெரும்பாலான வேலைகளில் 1 சதவீதத்துக்கும் குறைவான வேகக் குறைவு என்றும், இரண்டாவதுக்கு 3 முதல் 5 சதவீதம் என்றும் கெர்னலின் சொந்த விளக்கக் குறிப்பே சொல்கிறது. காரணம் எளிது. கொடுக்கும்போது துடைத்தால் வாங்குகிறவர் உடனே பயன்படுத்தப்போகும் பக்கம் கேஷுக்குள் வந்துவிடுகிறது. விடுவிக்கும்போது துடைத்தால் யாரும் தொடப்போகாத பக்கத்துக்காகக் கேஷை நிரப்புகிறீர்கள். இருந்தும் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ரகசியம் நினைவகத்தில் எவ்வளவு குறைந்த நேரம் தங்குகிறதோ அவ்வளவு நல்லது என்பது அவர்கள் கணக்கு. இரண்டில் எது சரி என்பதை அலோகேட்டரை எழுதுகிறவர் தீர்மானிக்க முடியாது. கணினியைத் தொடங்கும்போது மாற்றிக்கொள்ளும்படி விட்டிருக்கிறார்கள், அதுதான் நாகரிகம்.

ஆறாம் படி: சிபியுவுக்கு ஒரு பட்டியல்

இதுதான் எல்லோரும் முதலில் சேர்க்க ஆசைப்படும் வசதி. சிக்கல்கள் அதிகம் ஒளிந்திருப்பதும் இதில்தான். எட்டு சிபியுவும் ஒரே பூட்டுக்கு அடித்துக்கொள்வதைவிட, ஒவ்வொன்றுக்கும் தனிச் சங்கிலி, தனிப் பூட்டு கொடுத்துவிடலாம். தன் சங்கிலி தீர்ந்தால் அடுத்தவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு இதன் அடிப்படைச் சிக்கலை விளக்கவே வேண்டாம். ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள், கடைசி ஸ்ரீவைகுண்டம். மேல் அணைக்கட்டுக் கால்களில் குளங்கள் நிரம்பி நிற்கும்போதே கடைமடையில் பயிர் காய்வது எப்படி நடக்கும் என்று ஊரில் எந்தச் சம்சாரியைக் கேட்டாலும் சொல்வார். ஆற்றில் தண்ணீர் இல்லாததா காரணம்? தண்ணீர் இருக்கும் இடமும் தேவைப்படும் இடமும் வேறு. சிபியுவுக்கு ஒரு பட்டியல் வைத்த மறுகணமே அலோகேட்டருக்கு இந்த வழக்கு வந்துவிடுகிறது. மொத்தத்தில் ஆயிரம் பக்கம் காலி; கேட்ட சிபியுவின் பட்டியலில் ஒன்றும் இல்லை. அதனால்தான் அடுத்தவரிடமிருந்து எடுக்கும் பாதை இல்லாத தனிப் பட்டியல் அரைவேக்காடு.

எக்ஸ்வி6-இல் இது தொடக்கத்திலேயே தலைகாட்டும். கணினி எழும்போது காலிப் பக்கங்கள் அனைத்தையும் பட்டியலில் போடுவது 0 எண் சிபியு மட்டுமே. ஆக எல்லாப் பக்கமும் அதன் சங்கிலியில். மற்ற ஏழும் முதல் அழைப்பிலேயே கையேந்துகின்றன. ஒரு முறைக்கு ஒரு பக்கம் எடுத்தால், ஒவ்வொரு அழைப்புக்கும் 0-வின் பூட்டைத்தான் பிடிக்க வேண்டும். பழைய கதையே மறுபடி. பாதியை எடுத்தால், பாதி எது என்று சங்கிலியில் நடந்து எண்ண வேண்டும். அதுவரை பூட்டு உங்கள் கையில். நாங்கள் ஒரு முறைக்கு 64 பக்கம் என்று வைத்துக்கொண்டோம். அந்த எண்ணில் தெய்வீகம் ஒன்றும் இல்லை; உங்கள் அளவீடு வேறு சொன்னால் மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது முட்டுக்கட்டை. 2 எண் சிபியு தன் பூட்டைப் பிடித்துக்கொண்டே 3-இன் பூட்டைக் கேட்கிறது. அதே நேரத்தில் 3 தன் பூட்டைப் பிடித்துக்கொண்டு 2-இன் பூட்டைக் கேட்கிறது. இரண்டும் அப்படியே நிற்கும், கணினியும் நிற்கும். மாணவர்கள் எழுதும் முதல் பதிப்பில் இது தவறாமல் வரும். சோதனையில் மாட்டாமல் தப்புவதும் வழக்கம். வழி: தன் பட்டியல் காலி என்று தெரிந்ததும் தன் பூட்டை விட்டுவிடுங்கள். பிறகு ஒவ்வொரு சிபியுவின் பூட்டையும் தனித்தனியே பிடித்துப் பார்த்து, கிடைத்ததைக் கழற்றிக்கொண்டு, அந்தப் பூட்டையும் விட்டபின் தன் பூட்டை மறுபடி பிடியுங்கள். எந்த நேரத்திலும் கையில் ஒரே பூட்டு. இதற்கும் ஒரு விலை உண்டு. நீங்கள் சுற்றிவரும் நேரத்தில், பார்த்து முடித்த பட்டியலில் யாராவது ஒரு பக்கத்தைத் திரும்பப் போடலாம். நீங்கள் அதைக் காணாமல் இடம் இல்லை என்று சொல்லிவிடுவீர்கள். முதல் படியில் எழுதிய வாக்குறுதி இங்கே மாறுகிறது: பூஜ்யப் பாயிண்டர் என்றால் உண்மையிலேயே காலி இல்லை என்ற உறுதி இனி இல்லை. ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் தெரிந்து ஏற்றுக்கொள்ளுங்கள். எந்தச் சிபியுவில் இருக்கிறோம் என்று கேட்பதற்குமுன், நடுவில் குறுக்கிட்டு வேலையை மாற்றும் இன்டரப்ட்டுகளை நிறுத்த வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். கேட்டு முடித்ததும் புராசஸ் வேறு சிபியுவுக்கு மாறிவிட்டால் அந்த எண் பொய்.

இன்னொரு நுணுக்கம் கியூஎமுவில் தெரியவே தெரியாது. எக்ஸ்வி6-இன் சுழல்பூட்டு 24 பைட்; கூடவே சங்கிலியின் தலை 8 பைட். ஆக ஒரு சிபியுவின் கட்டமைப்பு 32 பைட். பெரும்பாலான சிபியுக்களில் கேஷின் ஒரு வரி, அதாவது அது ஒரே வீச்சில் கொண்டுவரும் அளவு, 64 பைட். அணியில், அதாவது ஒரே வரிசையில், அடுத்தடுத்து வைத்தால் ஒரே வரியில் இரண்டு சிபியுவின் பூட்டுகள் அமர்ந்துவிடும். தனித்தனிப் பூட்டு என்று பெயர்தான். வன்பொருளின் கண்ணுக்கு இருவரும் ஒரே வரிக்காக இழுபறி நடத்துகிறார்கள். ஒவ்வொன்றையும் 64 பைட் எல்லையில் வைத்தால் தீரும். எட்டு சிபியுவுக்கு 256 பைட் வீண். தாராளமாக வீணாக்குங்கள்.

வேகத்துக்காகச் சேர்த்த அடுக்கு பாதுகாப்பை உரித்துப்போட்ட கதை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். லினக்ஸ் நிரல்கள் பயன்படுத்தும் ஜிலிப்சி நூலகம் 2017-இல் 2.26 பதிப்பில் ஒவ்வொரு இழைக்கும் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் கிளைக்கும்) விடுவித்த துண்டுகளைச் சேர்த்துவைக்கும் தனிக் கேஷ் கொண்டுவந்தது. ஒவ்வொரு அளவுக்கும் 7 துண்டுகள். பூட்டே இல்லாமல் கிடைப்பதால் நல்ல வேகம். ஆனால் பழைய பாதையில் இருந்த சில சோதனைகள் புதிய பாதையில் இல்லை. ஒரே துண்டை அடுத்தடுத்து இரண்டு முறை விடுவித்தால் பழைய நிரல் பிடித்து நிறுத்தும். புதியது வாயைத் திறக்காது. 2019-இல் வந்த 2.29 பதிப்பில்தான் அதற்கொரு சோதனையைச் சேர்த்தார்கள். வேகப் பாதை ஒன்றைச் சேர்க்கும்போது, பழைய பாதையில் இருந்த ஒவ்வொரு சோதனையையும் பட்டியலிட்டு, இது எங்கே போயிற்று என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: ஒரு பக்கத்துக்குப் பல உரிமையாளர்

புராசஸைப் பிரதியெடுக்கும்போது பக்கங்களை உடனே நகலெடுக்காமல், யாராவது எழுத வரும்வரை இருவரும் பகிர்ந்துகொள்ளட்டும் என்பது பழைய உத்தி. அதற்கு ஒவ்வொரு பக்கத்தையும் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை வேண்டும். அதைப் பக்கத்துக்குள்ளேயே எழுத முடியாது; அது பயனரின் இடம். தனி அணி வேண்டும். பக்கத்துக்கு 4 பைட் என்றால் 128 கேபி, 1 பைட் என்றால் 32 கேபி. எக்ஸ்வி6-இல் ஒரே நேரத்தில் 64 புராசஸ்தான் இருக்க முடியும் என்பதால் 1 பைட் போதும் என்று சிக்கனம் பேசலாம். நாளைக்கு அந்த 64-ஐ 300 ஆக்குகிறவர் இந்த அணியைப் பார்க்கமாட்டார் என்பதால் நான் 4 பைட்டையே வைப்பேன்.

இந்த வசதியின் உண்மையான விலை நினைவகத்தில் இல்லை. கேஃப்ரீ என்ற செயலின் பொருளே மாறிவிடுகிறது. இதுவரை விடுவி என்றால் விடுவித்தது. இனிமேல் ஒன்றைக் குறை, பூஜ்யமானால் மட்டும் விடுவி. முதலில் இடறுவது கணினி எழும்போது: அப்போது எல்லாப் பக்கத்தையும் பட்டியலில் சேர்ப்பது கேஃப்ரீதான், எண்ணிக்கையோ பூஜ்யம். பூஜ்யத்திலிருந்து ஒன்றைக் குறைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்து, குறைப்பதும் பூஜ்யமா என்று பார்ப்பதும் பிரிக்க முடியாத ஒரே செயலாக நடக்க வேண்டும். பிரித்துவிட்டால், இரண்டு சிபியு ஒரே நேரத்தில் குறைத்து, இரண்டுமே பூஜ்யத்தைப் பார்த்து, ஒரே பக்கத்தை இரண்டு முறை சங்கிலியில் கோத்துவிடும்.

கேஃப்ரீயை அப்படியே விட்டுவிட்டு, பகிர்ந்த பக்கத்துக்கென்று வேறு பெயரில் ஒரு செயற்கூறு எழுதலாமா என்று கூட்டத்தில் வெகுநேரம் வாதாடினோம். எழுதலாம் என்பது என் கட்சி. தனக்கு மட்டுமே சொந்தமான பக்கத்தை விடுவிக்கிறவர் எண்ணிக்கைக்கான செலவைத் தர வேண்டியதில்லை; நிரலை வாசிக்கிறவருக்கும் எது பகிர்ந்தது, எது சொந்தம் என்று பெயரிலேயே தெரியும். எதிர்க்கட்சியின் வாதமும் லேசானதல்ல: ஓரிடத்தில் தவறான பெயரை அழைத்தால் போதும், இன்னொருவர் வைத்திருக்கும் பக்கம் பறிபோகும்.

எட்டாம் படி: சின்ன அளவுகள்

40 பைட் கேட்கிறவருக்கு 4096 கொடுப்பது அநியாயம். அளவுகளை வகைப்படுத்தி, ஒரு பக்கத்தை ஒரே அளவுத் துண்டுகளாக வெட்டிக் கொடுப்பதுதான் 1994-இல் ஜெஃப் பான்விக் சோலாரிஸுக்காக வெளியிட்ட ஸ்லாப் முறையின் கரு. வகைகள் குறைவாக இருந்தால் ஒவ்வொரு துண்டிலும் மிச்சம் வீணாகும். அதிகமாக இருந்தால் பாதி நிரம்பிய பக்கங்கள் வகைக்கு ஒன்றாகத் தேங்கும். லினக்ஸ் கெர்னலுக்குள் மாலாக்கின் வேலையைச் செய்யும் கேமாலாக் இரண்டின் அடுக்குகளோடு நடுவே 96, 192 என்று இரண்டு வகைகளைச் செருகியிருக்கிறது. 65 பைட் கேட்டால் 96 கிடைக்கும். அவை இல்லாவிட்டால் 128 போயிருக்கும். 64 பிட் ஜிலிப்சியில் 24 பைட் கேட்டால் உண்மையில் 32 செலவாகும், 25 கேட்டால் 48. தங்கள் கட்டமைப்பில் ஒரு பைட்டைக் கூட்டிவிட்டு, நினைவகம் ஏன் இப்படி ஏறியது என்று தேடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

துண்டின் கணக்கைத் துண்டுக்குள்ளேயே வைப்பதா வெளியே வைப்பதா என்பது அடுத்த முடிவு. உள்ளே வைத்தால் மலிவு. பக்கத்துத் துண்டில் ஒரு பைட் வழிந்தால் கணக்கு கெட்டது, தாக்குகிறவருக்குச் சாவி கிடைத்தது. லினக்ஸ் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி பிடித்தது. அடுத்த துண்டின் முகவரியை உள்ளேயே வைத்து, அதை ஒரு ரகசிய எண்ணோடு கலந்து எழுதுகிறது; பிறகு 5.7 பதிப்பில் அதைத் துண்டின் ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்த்திவிட்டார்கள்.

ஒன்பதாம் படி: பிழை பிடிக்கும் வசதிகளும் அவற்றைப் போட்டு அணைக்கும் ஆளியும்

எல்லையில் காவல் பைட் வைப்பது, விடுவித்ததில் அடையாளம் நிரப்புவது, யார் வாங்கினார் என்று குறித்துவைப்பது எல்லாம் தேவைதான். எப்போது தேவை என்பதில்தான் விஷயம். லினக்ஸின் கேசான் என்ற பிழை பிடிக்கும் வசதி ஒவ்வொரு 8 பைட்டுக்கும், அதைத் தொடலாமா என்று குறித்துவைக்க 1 பைட் நிழல் வைக்கிறது. நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கு அதற்கே போகும், வேகமும் வெகுவாகக் குறையும். சோதனைக் கணினிக்குச் சரி, வாடிக்கையாளர் கணினிக்கு ஆகாது. 5.12 பதிப்பில் வந்த கேஃபென்ஸ் வேறு கணக்குப் போட்டது. எல்லா அழைப்பையும் காவல் காக்காமல், இயல்பாக 100 மில்லிவினாடிக்கு ஒரு அழைப்பை மட்டும் எடுத்துக் காவல் பக்கங்களுக்கு நடுவே வைக்கிறது. 255 பொருட்கள், மொத்தம் 2 எம்பி. ஒரு கணினியில் பிழை மாட்டுவது அரிது. ஆயிரக்கணக்கான கணினிகளில் ஓடும்போது எங்காவது மாட்டிவிடும். எனக்குத் தெரிந்தவரை, செலவைக் கேட்காதவர் தலையிலிருந்து இறக்கிவைத்ததில் இதற்கு இணை இல்லை.

பத்தாம் படி: இல்லை என்று சொல்லும் விதம்

இடம் இல்லாதபோது பூஜ்யம் தருவதா, காத்திருப்பதா, வேறு புராசஸைக் கொன்று இடம் பிடிப்பதா? காத்திருப்பது அழைப்பவருக்கு வசதி. ஆனால் இன்டரப்ட் நடுவிலிருந்து அழைப்பவர் காத்திருக்க முடியாது. ஆகவே அவர் யார் என்று சொல்ல ஒரு கொடி, அதாவது அழைப்போடு கூடவரும் குறிப்பு, வேண்டும். ஒரு கொடி வந்தால் பின்னாலேயே பத்து வரும். லினக்ஸில் அந்தக் கொடிகளின் பட்டியலை வாசித்து முடிக்கவே ஒரு மாலை வேண்டும்.

அங்கே இன்னொரு விசித்திரமும் உருவாயிற்று. 8 பக்கம், அதாவது 32 கேபி வரையான கோரிக்கைகள் காத்திருக்கக்கூடிய இடத்திலிருந்து வந்தால், நடைமுறையில் தோற்பதே இல்லை என்ற நிலை. அழைப்பவர்கள் தோல்விக்கான வரிகளை எழுதியிருப்பார்கள். அவை ஒருமுறைகூட ஓடியிருக்காது. அலோகேட்டர் தாராளமாக இருந்ததாலேயே அந்த வரிகளில் பிழைகள் தூங்கிக்கொண்டிருந்தன. எக்ஸ்வி6-இல் இதைத் தவிர்க்க வழி எளிது: ஒவ்வொரு நூறாவது கேஅலாக் அழைப்பையும் வேண்டுமென்றே தோற்கடிக்கும் ஆளி ஒன்றைச் சேர்த்துச் சோதனைகளை ஓட்டுங்கள். லினக்ஸிலும் ஃபெயில்ஸ்லாப் என்ற பெயரில் இது இருக்கிறது. நான் பரிந்துரைக்கிற வசதிகளில் மிகக் குறைந்த வரிகள் கொண்டது இதுதான். அதிகப் பிழைகளைக் கொண்டுவந்து கொட்டியதும் இதுவே.

பதினொன்றாம் படி: திரும்ப எடுக்க வழி

சேர்ப்பது எளிது, கழிப்பது கடினம். லினக்ஸில் ஸ்லாப், ஸ்லோப், ஸ்லப் என்று மூன்று அலோகேட்டர்கள் வெகுகாலம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. புதிய வசதி ஒவ்வொன்றையும் மூன்றிலும் யோசிக்க வேண்டியிருந்தது. ஸ்லோப் 2023-இல் 6.4 பதிப்பிலும், ஸ்லாப் 2024-இல் 6.8 பதிப்பிலும் நீக்கப்பட்டன. கெர்னலுக்கு உள்ளே இருந்ததால் இந்த அளவிலாவது முடிந்தது. வெளியே இருக்கிறவர்களுக்குக் கொடுத்த வசதி என்றால் இன்னும் சிரமம். ஜிலிப்சி தன் மாலாக்கில், அழைப்புகளை இடைமறிக்க விரும்புகிறவர்களுக்காக மாலாக் ஹுக் என்ற கொக்கிகளை வைத்திருந்தது. பல இழைகள் ஓடும் நிரலில் அவற்றைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தவே முடியாது. எழுதக்கூடிய செயற்கூறு முகவரி ஒன்று நினைவகத்தில் தெரிந்த இடத்தில் கிடந்ததால் தாக்குகிறவர்களுக்கும் அது பிடித்த இலக்காயிற்று. கைவிடப் போகிறோம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு, பல பதிப்புகள் கழித்து 2021-இல் 2.34 பதிப்பில் அவற்றை நீக்கினார்கள். பிழை தேடுகிறவர்களுக்காகச் சில சோதனை வசதிகளைத் தனி நூலகமாகப் பிரித்து வைத்தார்கள். வேண்டியவர் தன் நிரலைத் தொடங்கும்போது அதை முன்னதாக ஏற்றிக்கொள்ளலாம், மற்றவர்கள் அதற்கு ஒரு பைட்டும் தர வேண்டியதில்லை.

உங்கள் எக்ஸ்வி6-இலும் ஒரு வசதிக்கு ஒரு கமிட் (தனியே பதிந்துவைக்கும் மாற்றம்) என்று வையுங்கள். ஒவ்வொன்றையும் தொகுக்கும்போதே அணைத்துவிட ஓர் ஆளி இருக்கட்டும். கெர்னலோடு வரும் யூசர்டெஸ்ட்ஸ் சோதனையை அந்த ஆளி திறந்திருக்கும்போதும் மூடியிருக்கும்போதும், ஒரே சிபியுவிலும் பல சிபியுக்களிலும் ஓட்டுங்கள். ஒரே சிபியுவில் தேறி, பல சிபியுக்களில் தொங்கினால் ஆறாம் படியின் பூட்டு வரிசைக்குத் திரும்புங்கள். எழும்போதே விழுந்தால் ஏழாம் படியின் எண்ணிக்கை அணியைப் பாருங்கள்.